பாஸ்போர்ட் ஒசாகாவில், காசோலை புதுச்சேரியில்

ஜப்பானிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சொந்த ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். வயது 27. ஆங்கிலத்தில் முதுகலை முடித்துப் புதுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர். சென்ற ஆண்டு ஏப்ரலில், புதுச்சேரியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு முகவர் மூலம், ஒசாகாவுக்குப் பக்கத்து ஊரில் உள்ள தனியார் ஆங்கிலப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். மாலையில் குழந்தைகளுக்கும் இரவில் அலுவலகம் முடித்து வருபவர்களுக்கும் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தரும் பள்ளி. விசா மூன்று ஆண்டுகளுக்குக் கிடைத்திருக்கிறது.

ஓராண்டு ஒப்பந்தத்தில் வாரம் 29.5 மணி நேரம் என்று இருக்கிறது. நண்பகல் 12 மணிக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு 9 ஆகிறது. சனிக்கிழமைகளிலும் ஏதாவது நிகழ்ச்சி. வகுப்புக்கு மட்டுமே சம்பளம், இடைப்பட்ட நேரத்துக்குக் கிடையாது. இதுவரை ஒரு நாள்கூட விடுப்பு கொடுக்கவில்லை. விலகுவதாக மே மாதம் வாய் திறந்ததும் மேலாளர் மூன்று விஷயங்களைச் சொன்னாராம்: நடுவில் போனால் 3 லட்சம் யென் அபராதம், விசா ரத்தாகிவிடும், பாஸ்போர்ட் அலுவலகப் பெட்டகத்திலேயே இருக்கும். ஜூன் மாதச் சம்பளத்தில் புதிதாக ஒரு தொகையைப் பிடித்திருக்கிறார்கள். அது தனக்குத் தண்டனை என்று இவர் நினைக்கிறார்.

இதற்கிடையில் முகவரின் ஆள் கடலூர் வீட்டுக்கு வந்து போயிருக்கிறார். இரண்டு ஆண்டுகள் முடியும் முன் மகள் திரும்பினால் 2 லட்சம் ரூபாய் தருவதாக அப்பா முத்திரைத்தாளில் எழுதிக்கொடுத்திருக்கிறார். கூடவே, தொகையும் தேதியும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட ஒரு காசோலை. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. "இன்னும் ஒன்பது மாதம்தானே அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடு" என்கிறார். மகளோ, எப்படியாவது பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் விமானம் ஏறிவிடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் பள்ளி மேலாளரைப் பற்றியது. காசோலையைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் கடைசியில். முப்பது ஆண்டுகளாகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வழக்கு நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: எனக்குக் கவலை தந்தது அந்த ஒரு வரிதான். ஜப்பானில் உங்களை மிரட்டும் மூன்று விஷயங்களிலும் அந்த நாட்டுச் சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம் நிற்கிறது. புதுச்சேரியில் ஒரு மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் அந்தத் தாளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இருந்தாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

யாரும் கையெழுத்து வாங்காத ஏப்ரல்

முதலில், எப்போது வேண்டுமானாலும் இரண்டு வாரம் முன்னால் சொல்லிவிட்டு விலகலாம் என்று உங்கள் தோழி சொன்னது பாதிதான் சரி. ஜப்பானின் சிவில் சட்டம் 627ஆம் பிரிவில் அந்த இரண்டு வார விதி இருக்கிறது. ஆனால் அது கால வரையறை இல்லாத வேலைக்கு. ஓராண்டு என்று எழுதிய ஒப்பந்தத்தின் நடுவில் விலக, 628ஆம் பிரிவின்படி தவிர்க்க முடியாத காரணம் வேண்டும். ஓராண்டு கழிந்தால் எந்த நேரத்திலும் போகலாம் என்று இன்னொருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த விதி ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு உரியது. உங்களுடையது சரியாக ஓராண்டு.

ஆனால் நீங்கள் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது, ஏப்ரலில் யாரும் புதிய தாளை நீட்டவில்லை, நானும் பழையபடி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்று. உங்களுக்கு அது சாதாரணச் செய்தியாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு அந்த இடத்தில்தான் கதவு தெரிகிறது. காலம் முடிந்த பிறகும் ஊழியர் வேலை செய்ய, அதை அறிந்தும் முதலாளி மறுப்புச் சொல்லாமல் இருந்தால், பழைய நிபந்தனைகளோடு வேலை தொடர்வதாகக் கருதப்படும் என்கிறது 629ஆம் பிரிவு. அப்படித் தொடரும் வேலையிலிருந்து 627ஆம் பிரிவின்படி விலகலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது இரண்டு வாரம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கால அட்டவணை, வருகைப் பதிவு என்று நீட்டிய தாள்களுக்கு நடுவே "புதுப்பித்தல்" என்று எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா என்று பாருங்கள். மின்னஞ்சலில் வந்த ஒன்றுக்குச் "சம்மதம்" என்று பதில் அனுப்பியிருந்தாலும் கணக்கு மாறலாம். அப்படி இருந்தால், பழைய ஒப்பந்தத்திலேயே விலகல் அறிவிப்புக் காலம் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால், சொன்ன வேலை நிபந்தனையும் நடைமுறையும் வேறாக இருப்பதைக் காட்டி விலகும் வழி தொழிலாளர் தரநிலைச் சட்டம் 15ஆம் பிரிவில் இருக்கிறது. 29.5 மணி நேரம் என்று எழுதிவிட்டு நண்பகல் முதல் இரவு 9 வரை உட்கார வைத்ததற்கு உங்களிடம் என்ன சாட்சி? செல்பேசியில் அனுப்பிய செய்திகள், ரயில் அட்டையின் பயணப் பதிவு, வகுப்பறைப் பலகையின் படங்கள் எல்லாவற்றையும் இன்றே வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். கொடுக்காத சம்பளத்தை மூன்று ஆண்டுகள் வரை கேட்கலாம்.

விலகல் கடிதம் எழுதும்போது நம் ஊர்ப் பழக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். "என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுத நமக்கு ஐந்தாம் வகுப்பு விடுப்புக் கடிதத்திலேயே கை பழகிவிட்டது. ஜப்பானில் இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் உண்டு. "தைஷொகு நெகாய்" என்றால் விலக அனுமதி கேட்கும் விண்ணப்பம். அதை ஏற்கலாம், இழுத்தடிக்கலாம். "தைஷொகு தொதொகே" என்றால் விலகுகிறேன் என்ற அறிவிப்பு. நீங்கள் கொடுக்க வேண்டியது இரண்டாவது. கடைசி வேலை நாள் எது என்று தேதியோடு எழுதுங்கள். கையில் கொடுத்தால் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

விடுப்பைப் பற்றி: ஆறு மாதம் ஒழுங்காக வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு 10 நாள் விடுப்பு என்பது அங்கே சட்டப்படியான உரிமை. மணி நேரம் குறைவு என்பதால் அது இல்லாமல் போய்விடாது. வாரத்துக்கு ஐந்து நாள் போகிறவருக்கு முழுப் பத்து நாளும் உண்டு. அறிவிப்புக் காலத்துக்குள் அதை எடுத்துக்கொள்ளலாம், அந்தத் தேதியைத் தாண்டித் தள்ளிப்போடப் பள்ளியால் முடியாது. ஆனால் எல்லாவற்றையும் எடுத்துத் தீர்த்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களிடம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான்கைந்து நாள் வகுப்பெடுத்து, யார் எந்தப் பாடத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். பின்னால் பள்ளி எதையாவது கிளப்பினால் அந்தக் குறிப்பும் உங்களுக்குச் சாட்சி.

மேலாளரின் மூன்று மிரட்டல்கள்

அபராதம்: ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை குறிப்பதைத் தொழிலாளர் தரநிலைச் சட்டம் 16ஆம் பிரிவு தடை செய்கிறது. அந்த 3 லட்சம் யென் வரிக்கு மதிப்பில்லை. அதைச் சம்பளத்தில் கழிக்கவும் கூடாது. கழித்தால் அந்த வட்டாரத்துத் தொழிலாளர் தரநிலைக் கண்காணிப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். ஆனால் தடை முன்கூட்டியே குறித்த தொகைக்குத்தான். உண்மையில் நேர்ந்த நட்டத்தைப் பள்ளி நிரூபித்துக் கேட்பதற்குத் தடையில்லை. இரவோடு இரவாக மறைந்துபோகும் ஆசிரியை அந்த வாய்ப்பைத் தானே உருவாக்கிக் கொடுக்கிறார். சொல்லாமல் விமானம் ஏறும் யோசனையை நான் ஏற்காததற்கு இது ஒரு காரணம். பெரிய காரணம் கடலூரில் இருக்கிறது, கீழே வருகிறேன்.

விசா: அது பள்ளியின் சொத்து என்பது உங்களைப் போன்ற பலரும் நம்புவது. நீங்கள் விசா என்று சொல்லும் தங்கும் தகுதியைக் கொடுத்தது ஜப்பானியக் குடிவரவுத் துறை. மேலாளர் ஒரு கடிதம் போட்டு அதை அழித்துவிட முடியாது. நீங்கள் செய்ய வேண்டியது, விலகிய 14 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்கு அறிவிப்பது. இணையத்திலேயே முடியும். புதிய இடத்தில் சேர்ந்ததும் மறுபடி 14 நாட்களுக்குள் இன்னோர் அறிவிப்பு. தகுதிக்குரிய வேலையை நியாயமான காரணமின்றி மூன்று மாதங்களுக்கு மேல் செய்யாமல் இருந்தால்தான் தகுதியைத் திரும்பப் பெற இடமுண்டு. வேலை தேடிக்கொண்டிருப்பதற்கு ஆதாரம் வைத்திருங்கள். ஹலோ வொர்க் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். அந்த இடைவெளியில் கைச்செலவுக்காக உணவகத்தில் பாத்திரம் கழுவப் போய்விடாதீர்கள். உங்கள் தகுதிக்கு அது அனுமதியில்லாத வேலை. மேலாளரால் செய்ய முடியாததை நீங்களே செய்துகொண்டதாகிவிடும். இன்னொன்று, பயிற்சிப் பள்ளியிலிருந்து இன்னொரு பயிற்சிப் பள்ளிக்கு மாறுவது எளிது. அரசுப் பள்ளியில் நேரடியாகச் சேருவதானால் அதற்கு வேறு வகைத் தகுதி, முன்னரே மாற்ற அனுமதி வாங்க வேண்டும்.

பாஸ்போர்ட்: 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் 17ஆம் பிரிவின்படி அது இந்திய அரசின் சொத்து. வேலை கொடுப்பவர்கள் வெளிநாட்டு ஊழியரின் பாஸ்போர்ட்டை வைத்திருக்கக் கூடாது என்று ஜப்பான் தொழிலாளர் அமைச்சகத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. விலகல் பேச்சை மறுபடி எடுக்கும் முன், "வங்கி வேலைக்காக வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் தாருங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். கொடுக்கவில்லையென்றால் ஒசாகாவிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் மதத் தளத்திலும் புகார் பதியலாம். "மதத்" என்றால் இந்தியில் உதவி. சமயத்தோடு சம்பந்தமில்லை, என்னிடம் வழக்குக்கு வந்த ஒருவர் குழம்பிப்போனார்.

ஜூன் மாதப் பிடித்தத்தைப் பற்றி உங்கள் கோபத்தைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளுங்கள். ஜனவரி 1 அன்று அங்கே வசித்தவர்கள், முந்தைய ஆண்டு வருமானத்துக்கு உள்ளாட்சி குடியிருப்பு வரி கட்ட வேண்டும். சம்பளத்தில் அதைப் பிடிக்கத் தொடங்குவது ஜூனில்தான். சென்ற ஆண்டு ஜனவரியில் நீங்கள் கடலூரில் இருந்ததால் முதல் ஆண்டு அந்த வரி வரவில்லை. சம்பளச் சீட்டில் அந்தத் தலைப்பு இருக்கிறதா என்று யாரையாவது படித்துக்காட்டச் சொல்லுங்கள். இருந்தால், இந்த ஒன்றில் மட்டும் மேலாளர் குற்றமற்றவர். விலகினாலும் மீதி வரியை நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும்.

அப்பாவின் காசோலை

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். முத்திரைத்தாளைப் பார்த்துத்தான் அப்பா பயப்படுகிறார். பயப்பட வேண்டிய வரிசை தலைகீழ். இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. 2 லட்சம் என்று எழுதியதாலேயே 2 லட்சம் கிடைத்துவிடாது. நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான், அதற்கும் உரிமையியல் வழக்குப் போட வேண்டும். முத்திரைத்தாள் என்பதால் கூடுதல் பலம் எதுவும் வந்துவிடுவதில்லை.

அதற்காக "இப்படி எழுதி வாங்கும் பாண்டு எல்லாம் செல்லாது" என்று உங்கள் சித்தப்பா சொன்னதையும் நம்பி உட்கார வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், குறைந்தபட்சக் காலம் வேலை செய்யாமல் போன அதிகாரியிடம் 2 லட்சம் ரூபாய் வாங்கியது சரியே என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே பாண்டு வாங்கியது வேலை கொடுத்த பொதுத்துறை வங்கி. ஆள் எடுக்க அதற்கு ஆன செலவைக் காட்ட முடிந்தது. உங்கள் விஷயத்தில் வாங்கியவர் இடைத்தரகர். உங்களிடம் ஏற்கெனவே கட்டணமும் வாங்கியவர். நீங்கள் விலகியதால் அவருக்கு என்ன நட்டம் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

காசோலை அப்படியில்லை. பணம் கிடைக்காமல் அது திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி குற்றவியல் வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கையெழுத்து என்னுடையது என்று ஒப்புக்கொண்டதுமே, கடனுக்காகத்தான் கொடுத்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் சுமை அப்பாவின் தலையில். மற்ற விவரங்களை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் இந்த அனுமானம் பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த முகவர் நாளைக்கே 5 லட்சம் என்றுகூட எழுதிப் போடலாம். அவருடைய கணக்கு புதுச்சேரிக் கிளையில் இருந்தால் வழக்கும் புதுச்சேரியில்தான். இரத்த அழுத்தக்காரர் வாய்தாவுக்கு வாய்தா அங்கே பஸ் ஏற வேண்டியிருக்கும்.

தேநீர்க் கடையில் யாராவது "வங்கிக் கணக்கையே மூடிவிடுங்கள் சார்" என்று சொல்லியிருப்பார்கள். வேண்டாம். கணக்கை மூடியதால் காசோலை திரும்பினாலும் 138 பாயும். செய்ய வேண்டியது இதுதான். காசோலை வங்கிக்குப் போகும் முன்பே ஒரு வழக்கறிஞர் மூலம் முகவருக்கு அறிவிப்பு அனுப்புங்கள்: இந்த எண்ணுள்ள காசோலை பாதுகாப்புக்காகத் தொகை எழுதாமல் வாங்கப்பட்டது, எந்தக் கடனும் இல்லை, நிரப்பவோ வங்கியில் போடவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை, திருப்பித் தாருங்கள் என்று. ஒப்புகையோடு கூடிய தபாலில் போக வேண்டும். அதன் நகலோடு வங்கியில் பணப்பட்டுவாடாவை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அறிவிப்பு இல்லாமல் நிறுத்துவது மட்டும் போதாது. கணக்கில் பணம் இருந்தது, கடன் இல்லாததால்தான் நிறுத்தினேன் என்று காட்ட முடிந்தால் தற்காப்பு வலுவாக இருக்கும்.

அதையும் மீறி அவர் காசோலையைப் போட்டால், திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அப்பாவுக்கு அறிவிப்பு வரும். கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். தபால்காரரிடம் வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று நினைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. நான் பார்த்த வழக்குகளில் அது ஒருபோதும் உதவியதில்லை. வாங்குங்கள், வழக்கறிஞர் மூலம் பதில் கொடுங்கள்.

வீட்டுக்கு வரும் ஆளிடம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், ரசீதில்லாமல் பணமும் கொடுக்க வேண்டாம். "மகள் சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் கைது" என்று அவர் சொன்னது வெறும் வாய்வீச்சு. ஒப்பந்தத்தை முடிக்காமல் திரும்புவது குற்றம் ஆகாது. சத்தம் போட்டால் தேதியையும் நேரத்தையும் குறித்துவைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். முகவர் கட்டணத்தில் ஒரு பகுதியை வங்கி வழியாக அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிவை எடுத்து வையுங்கள். அவர் பெயர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தின் பதிவுபெற்ற முகவர் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இது பக்கத்துணைதான், இதையே நம்பியிருக்க வேண்டாம்.

எது முன்னால், எது பின்னால்

ஒன்பது மாதம் பல்லைக் கடிப்பதும் ஒரு வழிதான். அதை நான் கேவலமாகப் பேச மாட்டேன். கடன் நெருக்கடி இருந்தால் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் தூக்கம் வரவில்லை, வகுப்புக்கு நடுவில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அங்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்காக, அதோடு அவர் தரும் சீட்டு, தவிர்க்க முடியாத காரணம் கேட்கும் 628ஆம் பிரிவு தேவைப்பட்டால் பயன்படும் என்பதற்காகவும்.

வரிசை இப்படி இருக்கட்டும். காசோலை பற்றிய அறிவிப்பு முகவர் கையில் சேர்ந்து ஒப்புகை வரும்வரை நீங்கள் பள்ளியில் வாய் திறக்கக் கூடாது. மே மாதம் நீங்கள் பேசிய கையோடு முகவரின் ஆள் வீட்டுக்கு வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அதன்பின் பாஸ்போர்ட். அதன்பின், முடிந்தால், கோபேயிலோ ஒசாகாவிலோ இன்னொரு பள்ளியில் எழுத்துப்பூர்வமான உறுதி. இப்போது இருக்கும் வீடு பள்ளி கொடுத்தது என்பதால் வேலையோடு வீடும் போகும். புது இடத்துக்கு முன்பணம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகே விலகல் அறிவிப்பு. அதைக் கொடுக்கும் முன், அரசின் ஹோதெராசு சட்ட உதவி மையத்தில் மொழிபெயர்ப்பாளரோடு ஒருமுறை பேசி, உங்கள் ஒப்பந்தத்தைக் காட்டி, 629ஆம் பிரிவு பொருந்துகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

விலகும்போது பணிச் சான்றும் வரிப்பிடித்தச் சான்றும் கேட்டு வாங்குங்கள். மருத்துவக் காப்பீட்டை 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவேளை ஊருக்கே திரும்புவதானால், ஆறு மாதமாவது ஓய்வூதிய நிதி கட்டியவர்கள் ஜப்பானை விட்டு வந்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு தொகையைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதை வாங்கிவிட்டால், 2016 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள இந்திய–ஜப்பான் சமூகப் பாதுகாப்பு உடன்பாட்டின் கீழ் அந்தக் காலம் கணக்கில் சேராது. மறுபடி அங்கே போகும் எண்ணம் இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

அறிவிப்பு எழுதக் காசோலை எண் வேண்டும். அப்பாவுக்கு அது நினைவிருக்காது. காசோலைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவர் குறித்து வைத்திருக்கலாம். இல்லாவிட்டால் முன்னும் பின்னும் உள்ள தாள்களின் எண்ணைப் பார்த்து விடுபட்ட எண்ணைக் கண்டுபிடிக்கலாம். இன்று இரவு பேசும்போது அதைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.